லேபர் கேம்ப்பில் செய்த விமானம்

மும்பை தாராவியின் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எந்தச் சாமானையும் செய்துகொடுக்க ஒரு கை இருக்கும். தோல் வெட்ட, தகரம் மடிக்க, மோட்டார் சுற்ற, பெட்டி தைக்க, போர்டு எழுத என்று கதவுக்குக் கதவு ஆள் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் ரிமோட்டில் பறக்கும் ஒரு சின்ன விமானம் செய்தபோது, அதற்கு வேண்டிய பொருளிலும் கைத்திறனிலும் பெரும்பகுதி எங்கள் சந்துகளுக்குள்ளேயே கிடைத்தது. அதைப் பறக்கவிட ஒரு திறந்த நிலம் மட்டும் கிடைக்கவில்லை. அந்த நிலத்தைத் தேடிப்போனதில்தான் நான் மாதிரி விமானத்தைப் பற்றி உருப்படியாகக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தது. தமிழர், மராத்தியர், தெலுங்கர், வடக்கேயிருந்து வந்தவர்கள் எல்லாரும் சுவரோடு சுவர் ஒட்டிக் குடியிருக்கும் இடம் இது. மராத்தி மக்கள் கலைஞர் அண்ணாபாவ் சாட்டே இந்த லேபர் கேம்ப்பில் வாழ்ந்தவர். அமர் ஷேக் போன்றவர்களோடு சேர்ந்து 1944இல் அவர் தொடங்கிய செங்கொடிக் கலைக்குழுவைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பெருமையோடு பேசுவார்கள். நாலு பேர் கூடி, கையில் இருப்பதை வைத்து ஒன்றை உண்டாக்குவது இங்கே பழைய வழக்கம்.

விமானச் சத்தம் எங்களுக்குத் தினமும் உண்டு. மித்தி ஆற்றுக்கு அந்தப்பக்கம் சில கிலோமீட்டரில் சாந்தாக்ரூஸ் விமான நிலையம். சின்ன வயதில் குர்லா தாண்டி ஜரிமரி வரை போய், குடிசைக் கூரைகளுக்கு மேலே சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கும் விமானங்களைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அது ஏறிப் பார்க்கிற பொருளாகவோ செய்து பார்க்கிற பொருளாகவோ எங்களுக்குத் தோன்றியதில்லை. தோன்ற வைத்தவர் அத்தான்.

அக்காவைக் கட்டிய அத்தான் 90 அடி ரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பார்த்தார். ஃபேன், மிக்ஸி, தண்ணீர் பம்பு எல்லாம் அவர் கையில் செப்புக்கம்பி மாறிப் போகும். ஒருநாள் ஒரு கல்லூரிப் பையன் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மோட்டாரைக் கொண்டுவந்தான். என்.சி.சி.யின் விமானப் பிரிவில் இருந்தவன். அங்கே மாதிரி விமானம் செய்வதும் பறக்கவிடுவதும் பயிற்சியில் ஒரு பகுதி. மோட்டாரின் அச்சு இறுகிப்போயிருந்தது. அத்தான் அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, இதப் பாரு. சுருள் உள்ள நிக்குது, காந்தம் ஒட்டின கூடு வெளிய சுத்துது. நம்ம சீலிங் ஃபேன் மாதிரியேதான் கட்டியிருக்கான்."

பிரஷ் இல்லாத அந்த மோட்டாரை 2212 என்ற எண்ணால் சொல்வார்கள். அதன்மேல் 1000 கேவி என்று எழுதியிருந்தது. கேவி என்றால் கிலோவோல்ட் அல்ல. சுமையில்லாமல் ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்று அர்த்தம். 11.1 வோல்ட் பேட்டரியைக் கொடுத்தால் பதினோராயிரம் சுற்று. அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோதும் அத்தான் அதைப் பற்றியேதான் பேசினார். அந்தப் பையன் அடுத்த வாரம் விமானத்தின் படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அவன்தான் எங்கள் குரு. வயதில் சின்னவன் என்றாலும் அத்தான் அவனை வாங்க, போங்க என்றுதான் பேசுவார்.

முதல் விமானம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அந்தப் பையன் பிடிவாதமாக இருந்தான். போர் விமானம் மாதிரி அழகாக இருக்க வேண்டும் என்று நாங்கள் ஆசைப்பட்டோம். கூடாது என்றான். இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு நுனியும் சற்று மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். காற்றில் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த வளைவு அதைத் தானே நிமிர்த்திவிடும். வேகம் குறைவாகப் பறக்க இறக்கை அகலமாக வேண்டும். மோட்டார், வாலில் இடம் வலம் திருப்பும் பலகை, மேலே கீழே ஏற்றி இறக்கும் பலகை ஆகிய மூன்றும் போதும். இறக்கையிலே அசையும் பலகை இப்போது வேண்டாம். புதிதாகக் கற்பவனுக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது என்பதே இன்றும் என் முடிவு.

நாலடி இறக்கைக்குத் தெர்மாகோல். அந்தக் காலத்தில் கணபதி பண்டிகைக்கு மண்டப அலங்காரம் செய்பவர்கள் சூடான கம்பியால் தெர்மாகோலை வெண்ணெய் போல வெட்டுவார்கள். 2018இல் மகாராஷ்டிர அரசு கொண்டுவந்த தடையில் தெர்மாகோல் அலங்காரமும் அடங்கிவிட்டது. இது அதற்கு முந்திய கதை. ஒரு மராத்தி அண்ணன் இரண்டு ஒட்டுப்பலகை அச்சுகளை வைத்து, மேற்புறம் புடைத்தும் அடிப்புறம் தட்டையாகவும் இறக்கையை வெட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, பறக்கும்போது கூட்டிப்போக வேண்டும் என்று மட்டும் கேட்டார். நீளவாக்கில் பள்ளம் எடுத்து மூங்கில் சட்டம் பதித்து, பார்சல் டேப் சுற்றினோம். உடம்புக்குத் தேர்தல் போர்டு செய்கிற சன்பேக் ஷீட். வாலை அசைக்கும் கம்பிகள் சைக்கிள் ஆரம். அந்தக் கம்பியை மாட்டும் கொம்புகள் காலாவதியான ஏ.டி.எம். அட்டையிலிருந்து கத்தரித்தவை. இறக்கையை உடம்போடு ரப்பர் பேண்டால் கட்டினோம். விழுந்தால் ரப்பர் அறுந்து இறக்கை கழன்றுகொள்ளும், உடையாது.

ஒட்டும் பசையில் அத்தான் கவனமாக இருந்தார். எங்கள் பக்கத்துத் தோல் பட்டறைகளில் கிடைக்கும் சொல்யூஷன் எதையும் ஒட்டும், ஆனால் தெர்மாகோலைக் கரைத்துத் தின்றுவிடும். அதனால் ஃபெவிகாலையும், குறைந்த சூட்டில் சூட்டுப் பசையையும்தான் பயன்படுத்தினோம்.

மின்சாமான் மட்டும் வெளியே வாங்க வேண்டியிருந்தது. கிராண்ட் ரோட்டில் இறங்கி லேமிங்டன் ரோடு போனோம். மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் கன்ட்ரோலர், வால் பலகைகளை அசைக்க ஒன்பது கிராம் எடையுள்ள சர்வோ இரண்டு, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட், அதன் ரிசீவர், 2200 எம்.ஏ.எச். லித்தியம் பாலிமர் பேட்டரி, அதற்கென்றே உள்ள சார்ஜர். எங்கள் வசதிக்கு அது சின்னச் செலவு இல்லை. அத்தானின் போனஸ் அதற்குப் போனது. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்: ரேடியோவால் முழுதாக இயக்கப்பட்ட மாதிரி விமானங்களில் முன்னோடி, 1937இல் அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற சகோதரர்கள் பறக்கவிட்ட 'பிக் கஃப்'. ஒருவர் விமானத்தைக் கட்டினார், மற்றவர் ரேடியோவைக் கட்டினார். அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. எங்களிடமும் வேலை அப்படித்தான் பிரிந்தது. கட்டுவது என் பங்கு, மின்சாரம் அத்தான் பங்கு.

பாதுகாப்பு என்பது மைதானத்தில் தொடங்குவதில்லை, வீட்டில் தொடங்குகிறது. எங்கள் அறையில் ஐந்து பேர் இருந்தோம். விமானத்தின் மூக்கில் மாட்டும் பத்தங்குல விசிறி நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றில் சுழன்றால் விரலைத் துண்டாக்கும். ஆகவே வீட்டுக்குள் ஒருபோதும் விசிறியை மாட்டக்கூடாது என்பது அத்தான் போட்ட சட்டம். சர்வோ சோதனை, ரிமோட் சோதனை, மோட்டார் சுழலும் திசை எல்லாம் விசிறி இல்லாமலே பார்த்தோம். முதலில் ரிமோட்டைப் போட வேண்டும், வேகக் குச்சி அடியில் இருக்க வேண்டும், அதற்குப் பிறகே விமானத்தில் பேட்டரி. நிறுத்தும்போது இதற்கு நேர்மாறு: முதலில் பேட்டரியைக் கழற்று, பிறகே ரிமோட்டை அணை. ரிமோட்டின் தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்கிறதா என்பதையும் அப்படித்தான் பார்த்து வைத்தோம்.

பேட்டரிதான் எல்லாவற்றிலும் அபாயம். லித்தியம் பாலிமர் பேட்டரியில் தீப்பிடித்தால் எங்கள் சந்தில் ஒரு வரிசையே போய்விடும். தகரமும் பலகையும் பிளாஸ்டிக்கும் நெருங்கி நிற்கிற இடம் அது. அத்தான் கும்பார்வாடாவுக்குப் போய் வாய் அகன்ற ஒரு மண் பானை வாங்கி வந்தார். அடியில் மணல் பரப்பி, பேட்டரியை அதற்குள் வைத்து, வாசல் படியில் வைத்துத்தான் சார்ஜ் செய்வோம். அதிலுள்ள மூன்று செல்லும் ஒரே அளவில் நிரம்ப வேண்டும். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது, மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. 2200 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 2.2 ஆம்பியர் வைத்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எவ்வளவு தூக்கம் வந்தாலும் அத்தான் எழுந்து போனதை நான் பார்த்ததில்லை. உப்பிய பேட்டரியை, விலை எவ்வளவானாலும், மறுபடி தொடவிட மாட்டார்.

விமானம் முடிந்ததும் எடை சமநிலை பார்த்தோம். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்கினால், மூக்கு இம்மி தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் அந்த விமானத்தைப் பிடித்து நிறுத்த புதியவனால் ஆகாது. பேட்டரியை முன்னே நகர்த்தி நகர்த்திச் சரி செய்தோம். மோட்டாரைச் சற்றே கீழ்நோக்கியும் வலப்புறமாகவும் சாய்த்துப் பொருத்தினோம், வேகம் கூட்டும்போது மூக்கு தூக்காமலும் இடப்புறம் இழுக்காமலும் இருக்க. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவுக்குக் குறைவு.

அதற்குள் சந்துப் பையன்களுக்குப் பொறுமை போய்விட்டது. சங்கராந்திக்கு அவர்கள் தகரக் கூரைமேல் நின்று பட்டம் விடுகிறவர்கள். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று முகத்தாலேயே சொல்வார்கள். "மாமா, மொட்டை மாடியிலேர்ந்து விடுவோம்" என்றார்கள். எதிரே மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறதே, அங்கே போவோம் என்றான் ஒருவன். குப்பை மேடாகக் கிடந்த 37 ஏக்கரை மரம் நட்டு வனமாக்கி 1994இல் திறந்தார்கள். பறவைகளுக்காக வளர்த்த காட்டில் விசிறி சுழற்றுவதா என்று அத்தான் கோபப்பட்டார். மொட்டை மாடிக்கும் அதே பதில்தான். கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள், மேலே மின்கம்பி போகிறது, அதற்கும் மேலே நிஜ விமானம் வருகிறது. ஒரு கிலோ பொருள் நூறு அடியிலிருந்து ஒருவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். யாரும் பேசவில்லை.

சட்டமும் அவர் பக்கம்தான். ரிமோட்டில் பறக்கும் விமானங்கள், டிரோன்கள், பாராகிளைடர்களுக்கு மும்பை போலீஸ் மாநகருக்குள் அடிக்கடி தடையுத்தரவு போடுகிறது. நவம்பர் 26 தாக்குதலைக் கண்ட நகரம் இது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து எட்டு கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே அனுமதி வேண்டும். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் 200 அடி வரை அனுமதி தேவையில்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி. பொழுதுபோக்குக்கும் படிப்புக்கும் பறக்கவிடும் மாதிரி விமானம் 25 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, கண்பார்வைக்குள்ளேயே பறக்க வேண்டும். எந்த இடம் எந்த மண்டலம் என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்கலாம். தாராவி முழுக்க அந்த எட்டு கிலோமீட்டருக்குள்தான் வருகிறது.

ஆகவே ரயில் ஏறினோம். அதற்கு முன்பு அந்தக் கல்லூரிப் பையன் ஒரு நல்ல காரியம் செய்தான். ரிமோட்டைக் கம்ப்யூட்டரில் இணைத்து விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரை ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தான். விமானம் நம்மை விட்டுப் போகும்போது வலது வலதுதான். நம்மை நோக்கி வரும்போது வலது இடதாகிவிடும். இங்கேதான் புதியவர்கள் விழுகிறார்கள். அதற்கு அவன் சொன்ன வழி: நம்மை நோக்கி வரும் விமானத்தின் இறக்கை எந்தப் பக்கம் தாழ்கிறதோ, குச்சியையும் அந்தப் பக்கமே தள்ளு, நிமிர்ந்துவிடும். யோசிக்காமல் விரலே அதைச் செய்யும்வரை திரையில் பழகினோம்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு ஞாயிறு, இருட்டோடு சயானில் ஏறி, குர்லாவில் கர்ஜத் வண்டி மாறினோம். இறக்கையைப் போர்வையில் சுற்றி லக்கேஜ் டப்பாவில் நின்றோம். காய்கறிக் கூடைக்காரர்கள் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். நேரலில் இறங்கி, மாத்தேரான் மலைக்கு முதுகு காட்டி உல்லாஸ் ஆற்றுப் பக்கம் நடந்தால் அறுவடை முடிந்த நெல் வயல்கள். ஒரு வயலில் பெரியவர் ஒருவர் வைக்கோல் அடுக்கிக்கொண்டிருந்தார். அத்தான் மராத்தியில் பேசினார். "காகா, தும்ச்சி பரவானகி அசேல் தரச்" என்று, உங்கள் அனுமதி இருந்தால்தான் என்று தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினார். பெரியவர் விமானத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டு நிபந்தனை போட்டார். அடுத்த வயலில் வால் பயறு விதைத்திருக்கிறது, அங்கே கால் வைக்கக் கூடாது. மாடு மேய வரும் நேரத்துக்கு நிறுத்திவிட வேண்டும். சம்மதித்தோம்.

அங்கே போய்த்தான் முதல் முறையாக விசிறியை மாட்டினோம். ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, மற்றவர் ரிமோட்டோடு வயலின் மறுகோடி வரை நடந்து எல்லாம் அசைகிறதா என்று பார்த்தோம். மின்கம்பி எங்கே போகிறது, பாதை எங்கே வருகிறது என்று பார்த்து, எந்தப் பக்கம் பறக்கவே கூடாது என்று முடிவு செய்தோம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ரிமோட் பிடிப்பவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். காற்றுக்கு எதிராக, மூக்கைத் தூக்காமல் நேராக, முக்கால் வேகத்தில் நான் எறிந்தேன். அந்தப் பையன் மேலே ஏற்றி, வானில் சமன் செய்துவிட்டு ரிமோட்டை அத்தான் கையில் கொடுத்தான். பிறகு என் கைக்கு வந்தது.

அந்த நேரத்தை என்னால் முழுதாகச் சொல்ல முடியாது. லேபர் கேம்ப்பில் பிறந்து வளர்ந்த கண்ணுக்கு எந்தத் திசையில் பார்த்தாலும் பத்தடியில் ஒரு சுவர் உண்டு. இங்கே மலைவரை ஒன்றுமில்லை. பார்சல் டேப் ஒட்டிய எங்கள் இறக்கை அந்த வெளியில் சாய்ந்து திரும்பியது, என் கட்டைவிரல் சொன்னபடி. தெர்மாகோல் வெட்டிக் கொடுத்த அண்ணன் கை கூப்பி நின்றார்.

மூன்றாவது சுற்றில் அத்தான் கையில் ரிமோட் இருந்தபோது, ஆடுகளோடு ஒரு சிறுமி வரப்பு வழியாக வயலுக்குள் வந்துவிட்டாள். விமானம் இறங்கும் பாதையில் அவள். மேலே ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கலாம், ஆனால் பேட்டரி குறைந்துகொண்டிருந்தது. அத்தான் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. மோட்டாரை நிறுத்தி, விமானத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, கதிரறுத்த தாளுக்குள் இறக்கிவிட்டார். விசிறி உடைந்தது, மூக்கு நசுங்கியது, ரப்பர் அறுந்து இறக்கை தனியாகப் போய் விழுந்தது. "செஞ்ச கை இருக்கு மாப்ள, திருப்பிச் செஞ்சுக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தச் சிறுமியிடம் போய், பயந்துவிட்டாயா என்று விசாரித்தார். எனக்கு விமானம் ஓட்டத் தெரிந்த மனிதர் என்றால் அன்றைய அத்தான்தான்.

அடுத்தடுத்த குளிர்காலங்களில் அந்தப் பெரியவரின் வயலே எங்கள் மைதானம். காலையில் காற்று எழுவதற்கு முன் முடித்துவிடுவோம். பேட்டரி பத்து நிமிடம் தாங்கும், நாங்கள் ஏழாவது நிமிடத்தில் இறக்கிவிடுவோம். எங்கள் சந்துப் பையன்களில் ஒருவன் இன்று விமானப் பராமரிப்புப் படித்து வேலையில் இருக்கிறான். தமிழ்நாட்டில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்ஷா மாணவர் குழு, நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த குழு, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்த செய்தி வந்தபோது அவன்தான் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தான்.

இன்று பெட்டியிலேயே முழுதாகக் கட்டிய விமானம் கிடைக்கிறது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கிற தகப்பன்மார் தெருவிலும் கடற்கரைக் கூட்டத்திலும் அதைப் பறக்கவிடுவதைப் பார்க்கிறேன். நெஞ்சு பதறுகிறது. தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு திறந்த வெளி மிஞ்சும் என்ற கவலையும் இருக்கிறது. மிஞ்சினாலும் அது பந்து விளையாடத்தான் ஆகும், விமானத்துக்கு ஆகாது. அதற்கு நகரத்தை விட்டு வெளியே வந்தாக வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் ஊரில் நிலம் உள்ளவர்கள் இருப்பீர்கள். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில், பெரியவர் ஒருவரோடு பிள்ளைகள் நாலு பேர் ஒரு விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அனுமதி கேட்டால், உங்கள் நிபந்தனைகளைச் சொல்லுங்கள், வயலைக் கொடுங்கள்.